பித்தளைத் தகட்டில் ஒரு காலி வரி

அக்கா,

இன்று காலை வேதக்கோயிலுக்குள் நுழைந்ததும் புளி வாடை. யுத்தத்தில் இறந்தவர்களின் பெயர் பொறித்த பித்தளைத் தகட்டை, மணியடிக்கும் கோயில்பிள்ளை புளி போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தான். ஐந்து வரிக்கு இடம், நான்கில் பெயர்கள். கடைசி வரி, உங்கள் புண்ணியத்தில், இன்னும் காலி. எழுத்து இல்லாத இடத்தில் அழுக்குத் தங்காது. ஆகையால் மற்ற நான்கையும்விட அதுதான் பளபளக்கிறது.

குளிர்காய்ச்சலில் நீங்கள் கண்ணை மூடி நாற்பது நாளாகிறது.

உங்கள் கணவர் ஞானமுத்து அண்ணன் நம் ரப்பர் தோட்டத்து ஆஸ்பத்திரியில் டோலி தூக்கியவர். பட்டாளத்துக்கும் டோலி தூக்க ஆள் வேண்டும் என்றபோது, சுங்கை சிப்புட்டில் ரயிலேறி ஈப்போ போய்க் கைநாட்டு வைத்துவிட்டு, பஸ்ராவுக்குக் கப்பலேறினார். அங்கே துருக்கியரிடம் பிடிபட்டார். ஒரே ஒரு தபால் அட்டை வந்தது, யாரையோ கொண்டு எழுதியது. தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணியான நான்தான் உங்களுக்கு வாசித்துக் காட்டினேன். "சிறையில் இருக்கிறேன். சுகம். கோயிலில் என் பேரைச் சொல்லு." அதன்பின் ஒன்றும் வரவில்லை.

பத்துக் கட்டளைகளோடு அதைப் பதினோராவதாக நீங்கள் சேர்த்துக்கொண்டீர்கள். ஞாயிறுதோறும் உபதேசியார், "சிறைப்பட்டவர்கள் எல்லார்மேலும் இரங்கும்" என்று ஜெபிக்கும்போது, "ஞானமுத்துமேலும்" என்று கூட்டிச் சொல்வார். சபை "கர்த்தாவே, கேட்டருளும்" என்று மறுமொழி சொல்லும். பாதிப் பேர் தூக்கத்திலேயே சொல்வார்கள். அந்தப் பழக்கத்தை நான் கேலி செய்திருக்கிறேன், தவறுதான்.

சண்டை முடிந்து சில வருஷம் கழித்து உபதேசியார் அந்தப் பெயரை நிறுத்தினார்.

"சிறையெல்லாம் தொறந்து விட்டாச்சும்மா. இனி சிறைப்பட்டவங்கன்னு யாரும் இல்ல."

"அப்ப எம் புருஷன் எங்க, உபதேசியாரே?"

"காணாமப் போயிட்டாருன்னு சர்க்கார் சொல்லுது."

"காணாமப் போனவரத் தேடுவாங்களா, பொதைப்பாங்களா?"

உபதேசியார் வேதம் கரைத்துக் குடித்தவர். இதற்கு வசனம் தேடி ஆதியாகமத்திலிருந்து புரட்ட ஆரம்பித்தார்.

அடுத்து தோட்டத்தின் வெள்ளைக்காரத் துரை. நல்ல மனிதர், நடவு வரிசையில் இடைவெளி இருந்தால் அவருக்குச் சாப்பாடு இறங்காது. காணாமற்போனவரையும் இறந்தவர்களோடு சேர்த்துத் தகடு செய்ய ஏற்பாடு பண்ணிவிட்டு, உங்கள் சம்மதத்துக்கு ஆபீசுக்கு அழைத்தார். பால்வெட்டுக் கத்தியோடு, சிவப்புச் சேலையில் வந்து நின்றீர்கள். வெள்ளை உடுத்தும்படி சபைப் பெண்கள் புத்தி சொல்லி அப்போது மூன்று வருஷம் ஆகியிருந்தது.

"செத்துட்டாருன்னு சூராட் வந்திருக்கான்னு தொரையக் கேளுங்க, கிராணி. அந்தக் கடுதாசி இல்லாம பேரு வெட்டக் கூடாது."

"மரியாதைக்குத்தான் செய்றாரு, அக்கா."

"மரியாதைய அவரு திரும்பி வந்தப்புறம் செய்யச் சொல்லுங்க. கோழி அடிச்சு நானே சமைக்கிறேன்."

துரையிடம் ஆங்கிலத்தில், "நன்றி சொல்கிறாள், கொஞ்சம் அவகாசம் கேட்கிறாள்" என்றேன். என் உத்தியோகத்தில் நான் சொன்ன பொய்களில் அதுவே சிறந்தது. தகடு ஐந்தாம் வரி காலியாக வந்து சேர்ந்தது.

அதைத் திறந்துவைத்த நவம்பர் காலையில், யுத்தத்தில் இறந்தவர்களுக்காகப் பதினோரு மணிக்கு இரண்டு நிமிட மௌனம். துரை கடிகாரத்தைக் கையில் பிடித்திருந்தார். அரை நிமிடம் போயிருக்கும். பெண்கள் பக்கத்திலிருந்து உங்கள் குரல் எழுந்தது: "சிறைப்பட்டவங்க எல்லார் மேலயும், ஞானமுத்து மேலயும் இரங்கும்."

அடுத்து நடந்ததை யாரும் யோசித்துச் செய்யவில்லை. வருஷக்கணக்கான பழக்கம். சபை முழுதும் ஒரே குரலில், "கர்த்தாவே, கேட்டருளும்!" என்றது. உபதேசியாரும்தான், சொன்ன பிறகு வாயைப் பொத்திக்கொண்டார். துரை மௌனத்தை முதலிலிருந்து தொடங்கினார்.

வெளியே வந்ததும், "பயமா இல்லையா அக்கா?" என்றேன்.

"செத்தவங்களுக்குத்தானே வாய மூடணும்? உசுரோட இருக்கிறவருக்கு நான் ஏன் மூடணும்?"

அன்றுமுதல் மற்ற தோட்டங்களில் வருஷத்துக்கு இரண்டு நிமிடம் என்றால், நம் தோட்டத்தில் இரண்டரை.

உங்களை அடக்கம் செய்த வாரமே சபைக் கமிட்டி கூடியது. தடை சொல்ல இனி ஆளில்லை என்ற நிம்மதி எல்லார் முகத்திலும் தெரிந்தது. ஐந்தாவது பெயரைப் பொறிக்கச் சொல்லி ஈப்போப் பட்டறைக்கு எழுதும்படி, காரியதரிசியான என்னிடம் சொன்னார்கள்.

"சூராட் வந்திருக்கா?" என்றேன்.

"நீங்களுமா, கிராணி?" என்றார் உபதேசியார்.

"நானும்தான்."

உங்கள் கல்லறைச் சிலுவையில் "விதவை" என்று எழுதக் கொடுத்திருந்ததை "மனைவி" என்று நான் திருத்திவிட்டதையும் அங்கேயே சொல்லிவைத்தேன்.

இன்று மறுபடியும் அந்த நவம்பர் மௌன நாள்; பதினோரு மணி அடித்தது. எல்லாரும் எழுந்து நின்றோம். விசுவாசத்தில் நான் சுமாரான ஆள் என்பது உங்களுக்குத் தெரியும். கடைசி பெஞ்சில் உட்காருவதே சீக்கிரம் வெளியேறத்தான். "சிறைப்பட்டவர்கள் எல்லார்மேலும்" என்று ஆரம்பித்தேன். பெயர் வரும் இடத்தில், பழக்கத்தில், உங்கள் குரலுக்காக நிறுத்தினேன். பெண்கள் பக்கத்தில் யாரோ, "ஞானமுத்து மேலயும்" என்று எடுத்துக்கொடுத்தார்கள். சபை மறுமொழி சொன்னது. ஒருவரும் தூங்கவில்லை.

அதுவரை துரையின் கடிகாரம் சட்டைப்பையிலேயே இருந்தது. மறுமொழி முடிந்த பிறகுதான் வெளியே எடுத்தார்.

அண்ணனின் தபால் அட்டை இப்போது என்னிடம் இருக்கிறது. சூராட் வரும்வரை அந்த வரியில் யாரும் உளி வைக்க முடியாது, அக்கா.