ரோஜாவுக்கு அடித்த மருந்து

மார்ச் 4
ரோஜா இலைகளில் மறுபடியும் கரும்புள்ளி. கிள்ளி எரித்தேன். புல்தரையில் புளியாரைக் களை வேறு தலைகாட்டுகிறது. இந்த ஆஸ்பத்திரித் தோட்டத்துக்கு நானும் மச்சினனும்தான் ஆள். என் மனைவியின் தம்பி. சேர்ந்து இரண்டு மாதம். சொன்னதைச் செய்வான், எதிர்க்கேள்வி கிடையாது.

மார்ச் 5
பல்வலி உயிரை வாங்கியது. கிளம்பும் அவசரத்தில், "ரோஜாவுக்கு மருந்து அடிச்சிடு, ஷெட்ல இருக்கு" என்றேன். "சரி மாமா."

மார்ச் 9
துளிரெல்லாம் முறுக்கிக்கொண்டு நிற்கிறது. கரும்புள்ளி இப்படிச் செய்யாது. ஷெட்டில் போய்ப் பார்த்தேன். பூஞ்சை மருந்தின் சீல்கூட உடைபடவில்லை. திறந்திருந்தது களைக்கொல்லி. புல்லை விட்டுவிடும், மற்றதை விடாது.
அதையும் மருந்து என்றுதான் சொல்கிறோம், இதையும் மருந்து என்றுதான். எந்த மருந்து என்று நான் சொன்னேனா? சொல்லவில்லை.

மார்ச் 21
நாற்பது செடியும் போய்விட்டது. மேலாளர், "யார் அடிச்சது?" என்றார். "நான்தான் சார்" என்றான் மச்சினன். அவர் என் பக்கம் திரும்பி, "நீங்க சரியாத்தானே சொன்னீங்க?" என்று கேட்டார்.
தலையாட்டினேன்.
அவன் என்னைப் பார்த்தான். நாளையிலிருந்து அவனுக்கு வேலை இல்லை.

மார்ச் 22
"என்னதான் நடந்துச்சு?" என்று மனைவி கேட்டாள். "உன் தம்பிக்குக் கவனம் பத்தல" என்றேன்.

மார்ச் 24
சே, நான் என்ன மனுஷன். இருபது வருஷ அனுபவம்னு பீத்திக்கிட்டு அவன் பொழப்புல மண்ணள்ளிப் போட்டுட்டேன். அவன் பொண்டாட்டி மாசமா இருக்கா. சொந்த அக்காகிட்டகூட அவன் என்னைக் காட்டிக் குடுக்கல. நாலு வார்த்தை திட்டியிருந்தாலாவது—

மார்ச் 25
மேலாளரிடம் சொல்லிவிட்டேன். "இதை அன்னைக்கே சொல்லியிருக்கலாமே" என்றார். எனக்கு மெமோ. அவனை ஒன்றாம் தேதியிலிருந்து வரச் சொல்லிவிட்டார்.

மார்ச் 26
மனைவியிடமும் சொன்னேன். தம்பிக்குப் போன் போட எழுந்து போனாள்.

ஏப்ரல் 8
அவன் வந்து ஒரு வாரமாகிறது. வேலையில் ஒரு குறை இல்லை. ரோஜாப் பாத்தி இன்னும் வெறுமையாகத்தான் கிடக்கிறது.
புல்தரையில் வட்ட வட்டமாகப் பழுப்பு, பூஞ்சை. இன்று அவனிடம் பாக்கெட்டைக் கையில் கொடுத்து, பெயரைப் படித்துக்காட்டி, பத்து லிட்டருக்கு எவ்வளவு என்பதையும் இரண்டு முறை சொன்னேன்.
கேட்டுக்கொண்டான். சட்டைப் பையிலிருந்து ஒரு தாளும் பேனாவும் எடுத்து நீட்டினான்.
"எழுதிக் குடுத்துடுங்க சார்."
எழுதிக் கொடுத்தேன்.