நீ எழுதியதை நான் படித்துவிட்டேன்

என் உயிருக்கு உயிரான சரோஜாவுக்கு,

இது என் கையெழுத்துதான். யாரும் எழுதிக் கொடுக்கவில்லை. இதை எழுதி முடிக்க எனக்கு நாலு நாளாவது ஆகும். சிரிக்கிறாயா? சிரி.

நம் புத்த விகாரைக் கூடத்தில் ஞாயிற்றுக்கிழமைகளில் பெரியவர்களுக்கு எழுத்துச் சொல்லித் தருகிறார்கள். ஐந்து பெண்கள், நான் ஒருவன்தான் ஆண். அவர்களில் ஒருத்தியான பக்கத்து வீட்டுச் செல்வி முதல் நாளே, "இன்னா மாமா, இந்த வயசுல யாருக்கு லவ் லெட்டரு?" என்று கேட்டாள். "உங்க அத்தைக்குத்தான்" என்றேன். கூடமே சிரித்தது.

"பஸ் போர்டெல்லாம் கன்னடத்துல இருக்கு, தமிழ் படிச்சு பெங்களூரு மர்பி டவுன்ல இன்னா பண்ணப் போறே?" என்று நம் பிள்ளை கௌதமன் கேலி செய்தான். நான் விடவில்லை. காலண்டர் தாளைப் படித்தேன். மளிகைக்கடையில் பருப்பு மடித்துக் கொடுத்த பேப்பரைப் படித்தேன். நாற்பது வருஷம் ஊர்ச் சுவருக்கெல்லாம் வெள்ளையடித்தவன் நான். எதை எதையெல்லாம் படிக்காமலே அடித்து மறைத்தேனோ!

அந்தச் சந்தோஷத்தில்தான் உன் பெட்டியைத் திறந்தேன்.

நினைவிருக்கிறதா? "பெட்டியில ஒரு லெட்டர் இருக்கு. நான் போன உடனே கௌதமன் கிட்ட குடுத்துப் படிக்கச் சொல்லு, நேரம் ஆக்காதே" என்று ஆஸ்பத்திரியில் சொன்னாய். சொன்னபடியே கொடுத்தேன். அவன் நின்றபடி படித்தான். மடித்து என்னிடமே கொடுத்தான், நான் அதைப் பெட்டியிலேயே வைத்தேன். "எல்லாரும் ஒத்துமையா இருங்கன்னு எழுதியிருக்காங்கப்பா" என்றான். எனக்கு எவ்வளவு பெருமை! துக்கத்துக்கு வந்தவர்களிடமெல்லாம் சொன்னேன். இரண்டு வருஷமாகச் சொல்லிக்கொண்டே இருந்தேன்.

போன வாரம் நானே படித்தேன். விரல் வைத்து, ஒவ்வொரு எழுத்தாக. ஒரு மத்தியானம் முழுக்க ஆனது. ஒற்றுமையைப் பற்றி அதில் ஒரு வார்த்தை இல்லை. 'என் இரண்டு கண்களையும் தானமாகக் கொடுக்கிறேன். சில மணி நேரத்துக்குள் எடுக்க வேண்டும். கீழே இருக்கும் நம்பருக்கு உடனே போன் செய்யுங்கள். கொடுப்பதற்கு என்னிடம் வேறு ஒன்றும் இல்லை.' அவ்வளவுதான்.

உன்னைக் கண்களோடு மண்ணில் வைத்தோம், சரோஜா. முதல் பிடி மண் போட்டது நான்.

என்னிடம் வாய்விட்டு ஏன் சொல்லவில்லை? சண்டை போடுவேன் என்றா?

முந்தாநாள் வைகாசிப் பௌர்ணமி. நமக்குக் கல்யாணமாகி ஐம்பது வருஷம். கல்யாணத்தன்று அதே கூடத்தில்தானே உன்னோடு சேர்ந்து ஐந்து சீலம், அந்த ஐந்து உறுதிமொழியையும் சொன்னேன்? மது தொடமாட்டேன் என்று காலையில் சொன்னவன், சாயங்காலம் சாராயக் கடையில் இருந்தேன். நீ திட்டவில்லை. அடுத்த மாதம் ஒரு சிலேட்டு வாங்கி வந்து, "உக்காருங்க, எழுத்து சொல்லித் தரேன்" என்றாய். "பொம்பள கிட்டப் பாடம் படிக்கிறதா?" என்று அதைத் தூக்கிப் போட்டு உடைத்தேன். அதற்கப்புறம் நீ அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை. பௌர்ணமிக்குப் பௌர்ணமி மட்டும் என் கையைப் பிடித்து விகாரைக்குக் கூட்டிப் போனாய். குடியை விடவே எனக்குப் பதினேழு வருஷம் ஆனது.

முந்தாநாள் பிக்கு சீலம் சொல்லிக் கொடுத்தார். கௌதமன் என் பக்கத்தில் இருந்தான். நாலாவது சீலம், பொய் சொல்லாதிருப்பேன். அவன் கணீரென்று சொன்னான். எனக்குத்தான் வாய் வரவில்லை.

வெளியே வந்ததும், "டேய், உங்கம்மா எழுதினத படிச்சிட்டேன்" என்றேன்.

செருப்பு மாட்டிக்கொண்டிருந்தவன் அப்படியே நின்றுவிட்டான். "யாருப்பா படிச்சு சொன்னது?"

"நான்தான்டா படிச்சேன்."

மாட்டிய செருப்பைக் கழற்றிவிட்டுப் படியில் உட்கார்ந்தான். அப்புறம், "அடுத்த ஜென்மத்துல கண்ணு இல்லாம பொறந்துட்டாங்கன்னா? எல்லாரும் அப்டித்தானப்பா சொல்றாங்க. அம்மா மூஞ்சியில கை வைக்க விட எனக்கு மனசு வரல" என்று அழுதான்.

அடிக்கக் கை ஓங்கினேன். தலை நரைத்த பிள்ளை. கை இறங்கிவிட்டது. அவன் மறைத்தது தப்பு. ஆனால் உன் கடிதம் அவன் கைக்கு ஏன் போனது? அந்தச் சிலேட்டை உடைத்தவன் யார்?

அன்று மத்தியானச் சாப்பாட்டுக்கு வகுப்புப் பெண்களும் நம் வீட்டுக்கு வந்திருந்தார்கள். நானும் ஒரு தாள் எழுதி வைத்திருந்தேன். என் கண்களை எடுத்துக்கொள்ளச் சொல்லி. கண்புரை ஆபரேஷன் ஆன கண் ஆகுமா என்று நீ எழுதி வைத்த நம்பருக்கே போன் போட்டுக் கேட்டேன். ஆகும் என்றார்கள். ஆனால் உயிர் போன பிறகு வீட்டில் இருக்கிறவர்கள் சம்மதிக்க வேண்டுமாம். வீட்டில் வேறு யார்? அவன்தான்.

அதனால் அவனிடமே கொடுத்து எல்லோர் முன்னாலும் உரக்கப் படிக்கச் சொன்னேன். முதல் வரியைப் படித்தான். 'என் கண்' என்ற இடத்தில் நின்றுவிட்டான்.

"படிடா."

"வேணாம்பா. நல்ல நாளும் அதுவுமா."

செல்வி எழுந்து, கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, தாளை அவனிடமிருந்து வாங்கினாள். "என்... இரண்டு... கண்... களை..." ஒரு வரிக்கு எவ்வளவு நேரம்! யாரும் சோற்றைத் தொடவில்லை. அவள் கடைசி எழுத்துவரை படித்தாள். கௌதமன் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவள் முடித்ததும், "குடு, நான் வெச்சிக்கிறேன்" என்று கையை நீட்டினான்.

"அது செல்வி கிட்டயே இருக்கட்டும்" என்றேன். செல்வியின் பக்கம் திரும்பினேன். "நான் போன உடனே இவன் எதிர்ல படிம்மா."

"அண்ணன் வேணாம்னு சொன்னா, மாமா?"

"திரும்பப் படி."

கௌதமன் சரி என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. சாப்பிடாமல் வண்டியை எடுத்துக்கொண்டு டூட்டிக்குப் போய்விட்டான்.

செத்தவர் எங்கே போகிறார் என்று பிக்குவைக் கேட்டேன். "இருக்கும்போது என்ன செய்தார் என்று கேளுங்கள்" என்றார். நீ என்ன செய்ய நினைத்தாய் என்று எனக்கு இப்போது தெரியும். அதை நடக்கவிடாதது நாங்கள் என்றும் தெரியும்.

தாளில் உன் பெயரை மேலே எழுதி, அதற்குக் கீழேதான் என் பெயரை எழுதியிருக்கிறேன். ஒவ்வொரு பௌர்ணமியும் அவனைப் பக்கத்தில் உட்காரவைத்துச் சம்மதம் கேட்பேன். சரி என்று அவன் வாயால் சொல்கிறவரை கேட்டுக்கொண்டே இருப்பேன். அதற்கு முன்னால் நான் போகமாட்டேன், சரோஜா.

இப்படிக்கு,
உன் புருஷன்
எல்லப்பன்