உலர்திராட்சை போட்ட உருண்டை

அன்புள்ள அம்மாவுக்கு,

முழங்கால் வலி தேவலையா? இங்கே வடக்கே டூரினில் நான் சுகம்.

ஒரு சந்தேகம். ஞாயிறு மதியம், நான் வாடகைக்கு இருக்கும் வீட்டின் சொந்தக்காரி எர்சிலியா, தக்காளிக் குழம்பில் வெந்த இறைச்சி உருண்டைகளை என் அறைக்குக் கொண்டுவந்தாள். கடித்தால் உள்ளே உலர்திராட்சை! ரோசாரியா சித்தி கெஞ்சியும் நீ சொல்லாத நம் சிசிலி வீட்டுப் பக்குவம், இந்த வடக்கத்திக்காரிக்கு எப்படித் தெரிந்தது?

"யாரு சொல்லிக்குடுத்தது?" என்றேன்.

"கேள்வி கேக்காம தின்னுடா, எலும்புக்கூடு!" என்று நழுவிவிட்டாள்.

எலும்புக்கூடு! அது நீ எனக்கு வைத்த பெயர். உண்மையைச் சொல், அவளுக்குக் கடிதம் போட்டாயா?

குழம்பில் தூவ, காய்ந்த ஓரிகானோ இலை கொஞ்சம் அனுப்பு. ஆலைச் சங்கு ஊதிவிட்டது, ஓடுகிறேன். எழுதியது நீதான் என்றால் அவளுக்கு இன்னும் ஒரு வரி எழுது. தட்டை வைத்துவிட்டுப் போகாமல், நான் சாப்பிட்டு முடிக்கும்வரை எதிரே உட்காரச் சொல்.

உன் காஸ்பாரே