ஐந்தாவது பட்டை

அன்பு மச்சானுக்கு,

போனில் சொன்னால் மாமல்லபுரம் ஹோட்டல் அடுப்பை அப்படியே விட்டுவிட்டு ஓடிவருவாய். அதனால்தான் கடிதம்.

எங்கள் நாவலூர் ஆய்வகத்தில், ரத்தச் சர்க்கரையை அளக்கும் புதுக் கார்பன் பட்டையைச் சோதிக்க, சர்க்கரை நோய் இல்லாத ஒருவரின் ரத்தம் வேண்டியிருந்தது. என் விரலையே குத்திக் கொடுத்தேன். அளவு எகிறியது. கார்பன் மை சரியாகப் படியவில்லை என்று நான்கு பட்டைகளைத் தூக்கிப் போட்டேன். ஐந்தாவதும் அதையே சொன்னது.

"பட்டை நல்லாத்தான் கீது. நீ மாசமா வேற கீற, டாக்டராண்ட போ," என்றாள் கூட வேலை செய்யும் ஜெசிந்தா.

போனேன். கர்ப்ப காலச் சர்க்கரையாம். சாப்பாட்டில் கவனமாக இருந்தால் அடங்கிவிடுமாம். குழந்தையின் இதயம் நன்றாகத் துடிக்கிறது, நானே கேட்டேன்.

இந்த வாரம் அல்வா வாங்கி வர வேண்டாம். அவசரமும் இல்லை, எப்போதும்போல் ஞாயிறன்றே வா. சனிக்கிழமையே வந்து நின்றாலும் திட்டமாட்டேன்.

உன்னவள்