நின்றபடியே ஓடிய லாரி

என் பிரியமுள்ள லாரிக்காரருக்கு,

முதலில் நம் சண்டைக்கான தீர்ப்பைச் சொல்லிவிடுகிறேன். நீங்கள் தோற்றுவிட்டீர்கள். டீசல் எஞ்சினை நின்ற இடத்திலேயே நெடுநேரம் ஓடவிட்டால் அதற்குக் கேடுதான். மெக்கானிக்கே சொல்லிவிட்டார். கல்யாணமான நாளிலிருந்து நான் சொன்னதுதான் சரி. இதை உங்கள் முகத்துக்கு நேராகச் சொல்லி, நீங்கள் மீசையைத் தடவிக்கொண்டே பேச்சை மாற்றுவதைப் பார்க்க எவ்வளவு ஆசைப்பட்டிருக்கிறேன் தெரியுமா? ஜெயித்து என்ன செய்ய, வீட்டில் கேட்க ஆளில்லை.

வடசேரிச் சந்தையில் காய்கறி ஏற்றி, இங்கே சாலை என்கிற கடைத்தெருவில் இறக்கிவிட்டு, விடிந்ததும் ஸ்ரீவராகத்தில் நம் வாசலில் கொண்டுவந்து நிறுத்துவீர்கள். நிறுத்துவது என்றால் சக்கரம் மட்டும்தான் நிற்கும். எஞ்சின் பாட்டுக்கு ஓடிக்கொண்டே இருக்கும். நீங்கள் உள்ளேயே உட்கார்ந்து போனில் யாரிடமாவது வெண்டைக்காய் விலை பேசுவீர்கள், பாட்டுக் கேட்பீர்கள், சில நாள் கண்ணயர்ந்தும் விடுவீர்கள். அடுக்களையில் தட்டெல்லாம் கிடுகிடுவென்று ஆடும். நான் ஜன்னல் வழியாகக் கத்துவேன்.

“ஏங்க, அத அணைச்சாத்தான் என்ன? எஞ்சின் கெட்டுப்போயிராதா?”

“ஒனக்கு என்னட்டி தெரியும்? ஓடுத எஞ்சினுக்கு ஒண்ணும் ஆவாது. அணைச்சு அணைச்சு எடுத்தாத்தான் கேடு.”

உண்மையைச் சொன்னால் எனக்கு ஒன்றும் தெரியாது. சத்தம் பொறுக்காமல் வாய்க்கு வந்ததைச் சொன்னேன், அவ்வளவுதான். ஒருவழியாகச் சத்தம் நிற்கும். வண்டிக் கதவு அடைபடும். பிறகு நீங்கள் உள்ளே வருவீர்கள். அதற்குள் காப்பி ஆறிப்போயிருக்கும், அதற்கும் எனக்குத்தான் திட்டு விழும்.

நீங்கள் கண்ணை மூடிய பிறகு லாரி வாசலிலேயே நின்றது. துஷ்டி கேட்க வந்தவர்களில் யாரோ ஒருவர், “சும்மா நின்னா வண்டி துருப்புடிச்சிரும், தெனமும் ஸ்டார்ட் பண்ணிக் கொஞ்ச நேரம் ஓட விடும்மா” என்று சொல்லிவிட்டுப் போனார். அந்த நேரத்தில் எத்தனையோ பேர் எத்தனையோ சொன்னார்கள். என் காதில் ஏறியது அது ஒன்றுதான். மறுநாள் காலையில் ஏறி உட்கார்ந்தேன். கியர் நடுவில் இருக்கிறதா என்று ஆட்டிப் பார்த்துவிட்டுச் சாவியைத் திருப்பினேன். ஒரு உறுமல். வீட்டுக்குள் தட்டு ஆடுகிற சத்தம் எனக்கு வாசல்வரை கேட்டது.

அவர் சொன்னது கொஞ்ச நேரம். நான் இறங்கிப் போய்க் காப்பி போட்டேன். குளித்தேன். சோறு பொங்கினேன். தையல் மெஷினில் உட்கார்ந்து இரண்டு ரவிக்கைக்குக் கை வைத்தேன். வெளியே அது ஓடிக்கொண்டே இருந்தது. அணைக்க மனம் வரவில்லை. சத்தம் இருக்கும்வரை நீங்கள் வெளியே வண்டியில் உட்கார்ந்து யாரிடமோ விலை பேசிக்கொண்டிருக்கிறீர்கள். அணைத்தால் நீங்கள் உள்ளே வர வேண்டும். வர மாட்டீர்கள் என்று தெரிந்து எப்படி அணைப்பது? தினமும் கொஞ்சம் கொஞ்சமாக அந்த நேரம் கூடிப்போனது.

நீங்கள் செய்வதுபோல ஆயிலையும் பார்த்தேன். அளவுக் கம்பியை உருவித் துணியில் துடைத்து, மறுபடி விட்டு எடுத்து. ஆயில் குறையவே இல்லை. சொல்லப்போனால் வாரத்துக்கு வாரம் கோட்டுக்கு மேலே ஏறிக்கொண்டிருந்தது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. உங்கள் கையில் இருந்தபோது அது எப்போதும் இறங்கிக்கொண்டுதான் இருந்தது, என் கையில் பார், உடம்பு பிடித்திருக்கிறது என்று நினைத்தேன். சிரிக்காதீர்கள்.

பிறகு ஒரு நாள் பக்கத்து வீட்டுக் கோமதி மாமியின் கோலத்தில் கறுப்பு மழை பெய்தது. நம் வண்டியின் சைலன்சர் அவர்கள் வாசலைப் பார்த்தல்லவா இருக்கிறது? அது கரியும் எண்ணெயுமாகத் துப்பியிருக்கிறது. மாமி இடுப்பில் கைவைத்து நின்றார்.

“ஏண்டி பாக்கியம், கோலத்தப் போட்டுட்டு நிமிர்றதுக்குள்ள இப்படி ஆயிடுத்தே! மையா எண்ணெயான்னே தெரியல. ஆத்துக்குள்ள ஒரே புகை. நீ தனியா இருக்கேன்னுதான் இத்தன நாள் வாயத் தெறக்கல, கேட்டியா. இன்னிக்கே ஒரு மெக்கானிக்கக் கூப்பிடு.”

கோலத்தை நான் கழுவிவிட்டேன். அட்டக்குளங்கரையிலிருந்து சுகுமாரன் வந்தார். உங்களுக்குத் தெரிந்தவர்தான், சாமான்பெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு வருவாரே, அவர். ஆயில் கம்பியை உருவினார். பார்க்கவில்லை, மூக்கில் வைத்தார்.

“சேச்சி, இது ஆயிலல்ல. பாதி டீசலாணு.”

நான் பெருமையாக வளர்த்தது அதைத்தான். சுகுமாரன் நிதானமாக விளக்கினார். நின்ற இடத்தில் ஓடும்போது எஞ்சினுக்கு வேலையில்லை, அதனால் சரியாகச் சூடே ஆகாதாம். சூடில்லாத எஞ்சினில் டீசல் முழுக்க எரியாது. எரியாததில் பாதி கரியாகப் படியும், மீதி வழிந்து கீழே இறங்கி ஆயிலோடு கலந்துவிடும். ஆயில் நீர்த்தால் உள்ளே இரும்பும் இரும்பும் உரசும். இன்னும் சில மாதம் இப்படியே விட்டிருந்தால் எஞ்சினையே இறக்க வேண்டி வந்திருக்கும் என்றார்.

“அப்ப அவரு ஓடவிட்டது?” என்று கேட்டேன்.

“அதுவும் சரியல்ல. பட்சே அண்ணன் ராத்திரி முழுக்க லோடு இழுத்துட்டு வந்து ஓடவிட்டாரு. சூட்டுல படிஞ்சது எரிஞ்சு போகும். தூரம் ஓடி வந்தா ரெண்டு மூணு மினிட் விட்டுத்தான் அணைக்கணும், டர்போவோட சூடு தணியணுமல்லே? அதுக்கு மேல வேண்டாம். சேச்சி ஓட்டவே இல்லையே. இது வண்டியக் காப்பாத்தறதல்ல, கேட்டோ.”

ஆகவே இரண்டு மூன்று நிமிடம் உங்களுக்குத் தருகிறேன். மீதியெல்லாம் எனக்கு. ஆனால் வண்டியைக் கெடுத்ததும் நான்தான் என்பதால் இந்த வெற்றியை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. உங்கள் கைபட்ட ஒரே பெரிய பொருள் அது. நமக்குப் பிள்ளை இருந்திருந்தால் வேறு. அதைப் பத்திரமாக வைத்திருக்கிறேன் என்று நினைத்துத் தினமும் கொஞ்சம் கொஞ்சமாகக் கொன்றுகொண்டிருந்தேன்.

சுகுமாரன் ஆயிலை மாற்றினார், டீசல் பீய்ச்சும் குழல்களைக் கழற்றிச் சுத்தம் செய்தார். கையைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: “இனி இது ஓடணும் சேச்சி. லோடு வெச்சு, ஏத்தம் ஏறி. இல்லன்னா வித்துடணும். ரெண்டுல ஒண்ணு.”

உங்கள் கூட்டாளி செல்லத்துரை துஷ்டி கேட்க வந்த நாளிலிருந்தே கேட்டுக்கொண்டிருந்தார். “மதினி, வண்டியக் குடுங்க, நான் ஓட்டுதேன்” என்று. ஒவ்வொரு முறையும் ஏதாவது சாக்குச் சொல்லி அனுப்பினேன். வேறொருவர் உங்கள் இடத்தில் உட்காருவதை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. அன்று நானே போன் செய்தேன். வந்தார். ஏறுவதற்கு முன்னால் படியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். சட்டென்று நானும் சொன்னேன், “நானும் வாறேன்.”

இத்தனை வருடத்தில் உங்கள் லாரியில் நான் களியக்காவிளை எல்லை தாண்டியதில்லை என்பது உங்களுக்குத் தெரியும். கூப்பிட்டபோதெல்லாம் தைக்கக் கிடக்கிறது என்றேன். இப்போது சாலைக் கடைத்தெருவில் ஏற்றிய காலித் தேங்காய் எண்ணெய் டின்களும் அரிசி மூட்டைகளுமாகப் போனோம். கரமனை தாண்டும்வரை நான் கண்ணாடியில் பின்னால் வரும் புகையையே பார்த்துக்கொண்டிருந்தேன். கறுகறுவென்று வந்தது. பின்னால் வந்த ஸ்கூட்டர்காரர் ஒருவர் மலையாளத்தில் நம்மை வாழ்த்திவிட்டுப் போனார், அதை எழுதக்கூடாது. நெய்யாற்றின்கரைக்கு அப்பால் ஏற்றங்களில் செல்லத்துரை கியரை இறக்கி அழுத்தினார். வண்டி முனகியது. புகை திரண்டு வந்தது, பிறகு மெலிந்தது, பிறகு கண்ணாடியில் ரோடு தெரிந்தது.

அப்போதுதான் அழுதேன். உங்களை எடுத்துப் போன அன்றும் எனக்கு அழுகை வரவில்லை, அதை ஊரே பேசியது. இப்போது வாய்விட்டு, மூக்கெல்லாம் ஒழுக அழுதேன். செல்லத்துரை பதறிவிட்டார்.

“மதினி, ஓரமா நிறுத்தட்டா?”

“நிறுத்தாதீங்க. ஓட்டுங்க.”

அவர் ஓட்டினார். நான் மார்த்தாண்டம் வரை அழுதேன். நீங்கள் இல்லாமல் எனக்கு முடியவில்லைங்க. காலையில் எழுந்தால் யாரைத் திட்டுவதென்று தெரியவில்லை. இதை யாரிடமும் இதுவரை நான் சொன்னதில்லை.

வடசேரியில் சந்தை வாசலில் நிறுத்தினார். சுகுமாரன் சொன்னபடி கொஞ்ச நேரம் ஓடவிட்டார். அவர் என்னைப் பார்த்தார், நான் தலையாட்டினேன். சாவியைத் திருப்பினார். சத்தம் நின்றது. சந்தையின் இரைச்சல் மெல்ல உள்ளே வந்தது. நீங்கள் இறங்கி வர ஒரு கதவும் திறக்கவில்லை. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு நானே என் பக்கத்துக் கதவைத் திறந்து இறங்கினேன்.

இனி நீங்கள் வெளியே இருக்கிறீர்கள் என்று நினைத்துக்கொள்வதற்காக அதை ஓடவிட மாட்டேன். லோடு இருந்தால் ஓடும், இல்லாவிட்டால் அணைந்து நிற்கும். வீடு சத்தமில்லாமல்தான் இருக்கும், நான் இருந்துகொள்வேன். இது உங்கள்மேல் ஆணை.

உங்களிடம் கடைசிவரை சண்டை போட்ட வீட்டுக்காரி,
பாக்கியம்