ட்றெவரின் வேட்டியும் என் குரவையும்

2025 மார்ச் 9

இன்று வீட்டுக்கு வந்தவர்கள்: என் மகன் சுதாகரன், அவனோடு சேர்ந்து கம்பனி நடத்தும் போர்த்துக்கேய வழிவந்த டவுன் பறங்கிப் பிள்ளை ட்றெவர், கம்பனியில் நேரலைப் பகுதியைப் பார்க்கிற காத்தான்குடிப் பிள்ளை றஸீனா, என் மச்சாள், அதாவது புருஷனின் தங்கச்சி, கேதீஸ்வரி. கடைசி ஆள் கூப்பிடாமல் வந்தது.

கொழும்புக் கம்பனி ஒன்று இவர்களோடு சேரப்போகிறதாம். அவர்களுக்குக் காட்ட, தங்கட "வாவி நேரலை" கம்பனி தொடங்கி வளர்ந்த வரலாற்றைப் படமாக எடுக்கிறார்கள். என்னிடம் கேட்டால் சொல்ல மாட்டேனா? முதலில் கல்யாண வீடியோ. பிறகு கேபிள் டீவி. பிறகுதான் வெளிநாட்டுச் சனம் போனில் பார்க்கிற நேரலை. அது பெருத்தது கொரோனா காலத்துச் செத்தவீடுகளால். அதைச் சொல்ல ஒருவருக்கும் வாய் வரவில்லை.

நேரலை தொடங்கும்போதெல்லாம் பெண்கள் நாக்கைச் சுழற்றிப் போடுகிற குரவைச் சத்தம் ஒன்று வரும். வரலாற்றுப் படமும் அதிலேதான் தொடங்குமாம். "அது ஆர்ர குரல் மாமி?" என்று றஸீனா என்னைப் பார்த்துக் கேட்டாள். நான் வாய் திறக்க முதல் கேதீஸ்வரி முந்திவிட்டாள்.

"என்ர குரல்தான் புள்ள."

பொய் என்றேன். "வயசு போனா எல்லாம் மறக்கும் கா" என்றாள். எனக்கு. எனக்குச் சொல்கிறாள்!

சுதாகரன் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தான்.

மார்ச் 10

மறந்தேனா? எழுதுகிறேன்.

2016, வைகாசி. கண்ணகை அம்மன் கோயிலில் அம்மனின் கோபத்தைக் குளிர்விக்கிற குளிர்த்திச் சடங்கு. இவர்களின் முதல் நேரலை. கமராவோடு உள்ளே வருவதென்றால் வேட்டி கட்டி, வெறும் மேலோடு வா என்று கோயிலில் சொல்லிவிட்டார்கள். ட்றெவர் பிறந்ததிலிருந்து காற்சட்டை. என் புருஷனின் வேட்டியை யாரோ அவனுக்குச் சுற்றிவிட்டார்கள். அம்மன் வீதிவலம் புறப்பட, இரண்டு கையிலும் கமரா, இடுப்பில் வேட்டி இறங்குகிறது. பொடியன் கமராவை வானத்துக்குத் திருப்பிவிட்டு வேட்டியைப் பிடித்தான். சனம் திரும்பப் போகிறது. சனத்தின் கண் அவனில் விழக் கூடாது என்றுதான் நான் அடிவயிற்றிலிருந்து குரவை போட்டேன். கேதீஸ்வரி பக்கத்தில் நின்றாள். அன்றைக்கு அவளுக்குத் தொண்டை கட்டியிருந்தது. வயரைப் பிடித்துக்கொண்டு நின்றவன் சுதாகரன்.

அன்று இரவே சுவிஸிலிருந்தும் கனடாவிலிருந்தும் போன். படம் போனது பற்றி ஒருவரும் குறை சொல்லவில்லை. குரவை கேட்டு அழுதோம் என்றார்கள். அதற்குப் பிறகுதான் அதை வெட்டி எடுத்துத் தொடக்கச் சத்தமாக வைத்தார்கள்.

ஊருக்கு ஊர் போகிற என் குரல் அவள் பெயரில் போவதா?

மார்ச் 12

சுதாகரன் சொல்கிறான்: "கேதீஸ்வரி மாமி ஆசைப்பட்டுச் சொல்லிட்டா. விடுங்களன் அம்மா."

"என்ர மூக்குத்தியையும் ஆசைப்பட்டுத்தான் இரவல் வாங்கினவ. திரும்பி வந்ததா மனே?"

எழும்பிப் போய்விட்டான்.

மார்ச் 15

குரவை போட்டவள் என்று வரலாற்றுப் படத்தில் நிற்க மச்சாள் பட்டுச்சேலையோடு வாவிக்கரைக்குப் போனாளாம். நல்ல மழை. சந்தோஷம்.

மார்ச் 27

றஸீனா தனியே வந்தாள். நோன்பு, தேத்தண்ணியும் வேண்டாம் என்றாள். வேட்டிக் கதையைச் சொன்னேன். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"நாங்க போடுறது வெட்டின துண்டு மாமி. முழுப் பதிவு பழைய கம்பியூட்டர்ல கிடக்கோ தெரியா. தேடிப் பாக்கன்."

நல்ல பிள்ளை. தேடட்டும்.

ஏப்ரல் 20

ஒரு செய்தியும் இல்லை. கேட்டுப் போக மாட்டேன். கத்தரிக்காய் காய்க்கத் தொடங்கிவிட்டது.

மே 31

படம் காட்டினார்கள். கொழும்பு ஆட்கள் முன்வரிசை. நான் போக மாட்டேன் என்றுதான் இருந்தேன். றஸீனா ஆட்டோ அனுப்பிவிட்டாள்.

தொடங்கியது. வானம், தென்னைமரத் தலை. படம் அசையவில்லை, சத்தம் மட்டும். முதலில் ஒரு கரகரத்த குரல்: "எனக்குத் தொண்டை அடைச்சுக் கிடக்கு கா, நீயே குரவையப் போடு." அது கேதீஸ்வரி. பிறகு குரவை. அது முடிய என் குரல்: "தம்பி ட்றெவர், கமராவ விட்டாலும் வேட்டிய விடாத மனே."

மண்டபமே சிரித்தது. கொழும்பு ஆட்களுக்கு ஒருவர் சிங்களத்தில் சொல்ல, அவர்கள் பிந்திச் சிரித்தார்கள். ட்றெவரின் முகம் செம்பரத்தம்பூ.

"அன்ட்டி, வெக்கத்தில இவ்வளவு காலமா இத ஒளிச்சு வெச்சிருந்தன், றஸீனா தேடிப் பிடிச்சிட்டா. வேட்டியோட மல்லுக்கட்டினதில ஆர் குரவை போட்டதெண்டும் நான் பாக்கல்ல."

கடைசியில் பெயர்கள் ஓடின. குரவை: இலட்சுமிப்பிள்ளை. நான் எழுத்துக்கூட்டி வாசிக்கத் தேவை இருக்கவில்லை. என் பெயர் எனக்குத் தெரியும்.

ஜூன் 2

மச்சாள் இறால் கொண்டு வந்தாள். வாசலில் நின்றாள்.

"உண்மையா மறந்துதான் போனன் கா. கேட்டுக் கேட்டு என்ர குரல் எண்டே நினைச்சிட்டன்."

"உள்ள வா. வெயில்."

இருந்து சாப்பிட்டாள். மூக்குத்திப் பேச்சை நானும் எடுக்கவில்லை. எடுப்பேன், வேறொரு நாள்.

ஜூன் 9

இந்த வருஷக் குளிர்த்திக்கும் நேரலை. ட்றெவர் வேட்டிக்கு மேல் பெல்ட் கட்டி வந்தான். குரவைக்கு எனக்குத் தனி மைக் வைத்தார்கள். நல்லாய்ப் போட்டேன். மனம் நிறைந்து கிடக்கிறது.

இன்று சாப்பிடும்போது மகன் தானாகச் சொன்னான்: "எனக்கு அண்டைக்கே தெரியும் அம்மா, உங்கட குரல்தான் எண்டு. சண்டை வேணாமெண்டுதான் பேசாம இருந்தன்."

மீனில் நடுத்துண்டை அவன் சாப்பாட்டுக் கோப்பையில்தான் வைத்தேன்.

ட்றெவரை மன்னித்தாயிற்று. மச்சாளையும், மூக்குத்தியைத் தவிர. வயிற்றில் இருந்தே என் குரல் கேட்டவன், தெரிந்துகொண்டே தேத்தண்ணி குடித்தவன், அவனை மட்டும் மன்னிக்க மாட்டேன். சுதாகரன்.