மூன்று பேனா

என்னங்க,

கடைசிப் பரீட்சைக்குக் கிளம்பிவிட்டேன். அசந்து தூங்குகிறீர்கள், எழுப்ப மனசு வரவில்லை. அதற்காகக் கோபம் தீர்ந்துவிட்டது என்று நினைக்க வேண்டாம்.

முட்டை அவித்து மூடி வைத்திருக்கிறேன். பத்து மணிக்குக் குழாய் ரிப்பேர்காரர் வருவார். அவர் போகும்வரை பக்கத்திலேயே நில்லுங்கள்.

முதல் பரீட்சையன்று, நம் மகளைவிடச் சின்னப் பிள்ளைகள், நான் ஹாலுக்குள் நுழைந்ததும் டீச்சர் என்று நினைத்து மொத்தமாக எழுந்து நின்றார்களே, என் நிலைமை எப்படி இருந்திருக்கும்? "உட்காருங்கப்பா, நானும் எழுதத்தான் வந்திருக்கேன்" என்று சொல்வதற்குள் உயிர் போய்விட்டது. வீட்டுக்கு வந்து சொன்னால் நீங்கள் வயிறு குலுங்கச் சிரிக்கிறீர்கள். அந்த ஆத்திரத்தில்தான், பட்டமளிப்பு விழாவும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம், சர்டிஃபிகேட் தபாலில் வரட்டும் என்று கத்தினேன்.

இப்போது பையைத் திறந்தால் புதுசாக மூன்று பேனா. எழுதுகிறதா என்று நீங்கள் கிறுக்கிப் பார்த்த தாளும் உள்ளேயே கிடக்கிறது. என் பேர், பக்கத்தில் பி.ஏ. ஒவ்வொரு பேனாவிலும் ஒரு தடவை. அந்தத் தாளின் பின்பக்கத்தில்தான் இதை எழுதுகிறேன்.

சாவி வழக்கமான இடத்தில்.

பி.கு.: விழா ஃபாரம் ஃப்ரிட்ஜ் மேல் இருக்கிறது. 'தபாலில்' என்பதை அடித்துவிட்டு 'நேரில்' டிக் போட்டிருக்கிறேன். கூட ஒருவர் வரலாமாம். அந்த இடத்தை மட்டும் காலியாக விட்டிருக்கிறேன். சிரிக்காமல் உட்கார்ந்திருப்பீர்கள் என்றால் உங்கள் பேரை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். மூன்றில் ஒரு பேனாவை அதற்காகத்தான் விட்டுப் போகிறேன்.